எட்டாவது குழாயின் போல்ட்

என் செல்லமே, செல்வி,

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் நிறைய வருகிறது. சம்பா நடவு முடிந்து, மேல்வயலில் பயிர் பச்சை பிடித்துவிட்டது. உன் தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். ரவிக்கைத் துணியோடு யாராவது வாசலில் வந்து நின்றால், என்ன பதில் சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் புற்றுநோய் என்றதும் எதிர்வீட்டு அத்தை, "செல்விக்கு ஏழரைச் சனி நடக்குது. திருநள்ளாறு போயி எள் தீபம் போட்டுட்டு வாங்க" என்றார். நீ என்ன சொன்னாய்? "இவ்வளவு பாடுபடுத்துறவரு மூஞ்சிய நானும் ஒரு தடவ பாத்துக்குறேனே அத்தை!" விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த வாரமே போனில் வீடியோ பார்த்து, தொலைநோக்கி செய்யக் கண்ணாடி வரவழைத்துவிட்டாய். "உம் பொண்டாட்டிக்கு மரை கழண்டுபோச்சாடா?" என்று என் பங்காளிகளே கேட்டார்கள். "மரைதானே? போட்டுக்கலாம்" என்று நீ சிரித்தாய்.

நிஜமாகவே மரைதான் போட்டாய். கீழே கண்ணாடிப் பெட்டி, மேலே வளையம், இரண்டுக்கும் நடுவில் எட்டு அலுமினியக் குழாய்கள். குழாயின் தகடு மெல்லிசு, அதில் நேராக மரை வெட்டினால் நிற்காது. அதனால் உள்ளே மரை வெட்டிய பித்தளைத் துண்டை ஒவ்வொரு குழாயின் மேல்வாயிலும் பசை வைத்துச் செருகினாய். பசை மரைக்குள் இறங்காமலிருக்க, அதில் ஒரு போல்ட்டை முடுக்கி வைக்க வேண்டும். காய்ந்த பிறகு போல்ட் கழன்று வர, முதலிலேயே அதில் எண்ணெய் தடவ வேண்டும். நீ எண்ணெய்க் கிண்ணத்தையா தேடினாய்? துணியில் இறங்காத ஊசியைத் தலைமுடியில் தேய்ப்பாயே, அதே மாதிரி போல்ட்டையும் வகிட்டோரம் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டாய். உன் தலையின் தேங்காய் எண்ணெயே போதுமாக இருந்தது.

ஏழு குழாய் முடிந்த சமயத்தில் கீமோ தொடங்கியது. எட்டாவதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செய்தாய். நான்தான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு, வெறிச்சென்ற வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அந்தக் குழாய்களை எடுத்தேன். ஏழு போல்ட்டும் விரலாலேயே கழன்றன. எட்டாவது, ஸ்பேனர் போட்டும் அசையவில்லை. ஏன் என்று யோசித்தபோது உன் கை கண்முன் வந்தது. பழக்கத்தில் போல்ட்டைத் தலைக்குத்தான் கொண்டுபோனாய். அங்கே துண்டுதான் கட்டியிருந்தது. முடி ஏது, எண்ணெய் ஏது? உனக்கும் மறந்துவிட்டது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் மறந்துவிட்டது. என் கண்ணுக்கு நீ எப்போதும் போலத்தானே இருந்தாய்? கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், செல்வி.

குழாயை நீடாமங்கலம் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். "தொளைச்சு எடுத்துடலாம்ண்ணே, வேற துண்டு போட்டுக்கலாம்" என்றார் பட்டறைக்காரர். "அந்த போல்ட்ட எடுக்காம ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் ரம்பத்தை எடுத்தார். போல்ட்டின் தலையை மட்டும் அறுத்தார். வெளியே நீட்டியிருந்த தண்டில் வளையத்தை மாட்டி, மேலே ஒரு நட்டு முடுக்கச் சொன்னார்.

நேற்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. எல்லாவற்றையும் பூட்டி, தொலைநோக்கியைக் களத்தில் நிறுத்திப் பார்த்தேன். சனி தெரிந்தார். அவரைச் சுற்றியிருக்கிற வளையம் இப்போது ரொம்ப மெல்லிசு, பாசிமணியில் ஊசி கோத்தது போல இருந்தது. எதிர்வீட்டு அத்தையும் வந்து பார்த்தார். "இத்தனூண்டுதானா?" என்றவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் நான் அந்தச் சனியைப் பார்க்கப் போனேன். பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. இந்த அழகை நீ பார்க்கவில்லையே என்றுதான் நினைத்து நினைத்து ஏங்கினேன்.

மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றித் துடைக்க வேண்டும். ஏழு போல்ட்டையும் என் தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொள்கிறேன். எட்டாவதை நான் தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன். இது உன் மேல் சத்தியம். மரை கழண்டவள் என்று ஊரே சொன்னதே, நீ போட்ட மரை கழலவே இல்லை, செல்வி.

இப்போதும்,
உன் வீட்டுக்காரன்