மேயரின் தலைக்கு மேலே நீல வானம்

பாத்,
1 மார்ச் 1984

என் அக்கா பெற்ற ஒரே ரத்தினம் டெஸ்ஸாவுக்கு,

உன் தாய்மாமன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். உன் கணவன் கிளைவ் நம்பவே மாட்டான். என் பூனை பாதி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. ஆனாலும் வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்துகொண்டு இடது கையால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், ஷெர்ரி மது அல்ல.

நேற்று எங்கள் கேலிச்சித்திரச் சேகரிப்பாளர் கழகம் கூடியது. உறுப்பினர் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்துப் பற்கள் பதினொன்று. ஏப்ரலில் கண்காட்சி வைக்கிறோம். இருநூறு வருஷத்துக்கு முந்திய ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் படங்கள். அதிலும் அச்சடித்தவை கூடாது, ஓவியன் தன் கையால் பேனாவில் கிறுக்கி நீர்வண்ணம் பூசிய அசல்கள் மட்டும். ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும்.

நான் எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. உன் கல்யாணத்துக்குக் கொடுத்தேனே, அந்த மேயர் படத்தை வர்ணித்தேன். கடலில் குளிக்க வந்த குண்டு மேயரை இரண்டு பெண்கள் கைகாலைப் பிடித்துத் தண்ணீரில் முக்குவதையும், அவருடைய பொய்முடியைக் கடற்காகம் கவ்விக்கொண்டு போவதையும் சொன்னேன். பிறகு வானத்துக்கு வந்தேன்.

"நீலம்னா அப்பேர்ப்பட்ட நீலம் ஐயா! ஒருநாள் நிஜக் கடற்காகம் ஒண்ணு என் ஜன்னல் வழியா வந்து, அந்த வானத்துக்குள்ள பறக்கப் பார்த்து மூக்கை உடைச்சுக்கிட்டுது!"

கர்னல் பாட்டர்ஷால் கண்ணீர் விட்டார். நடுச்சுவர் எனக்கே என்று தீர்மானமாயிற்று.

ஆகவே, வருகிற பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை வந்து படத்தை இரவல் வாங்கிப் போகிறேன். உன்னைப் பார்த்தும் பதினான்கு மாதமாகிறது. முதலில் சாக்கடை அடைப்பு என்றாய், அப்புறம் அம்மை, அப்புறம் வெள்ளையடிப்பு. இத்தனை நாள் வெள்ளையடித்தால் அரண்மனைகூட ஆறு தடவை வெளுத்திருக்கும்.

உன் அருமை மாமன்,
ஆம்ப்ரோஸ்


வொர்திங்,
5 மார்ச்

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. கிளைவ் வாய்விட்டுச் சிரித்தார். வியாழக்கிழமை மட்டும் வேண்டாமே. கிளைவின் அம்மா வருகிறார். இருக்கிற ஒரு அறையும் அவருக்குத்தான். மேயருக்குப் பதில் உங்களிடம் இருக்கும் பல்வைத்தியர் படத்தை வைக்கக் கூடாதா? அதுவும் அசல்தானே? குளிர் இன்னும் விடவில்லை, கழுத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டெஸ்ஸா


பாத்,
7 மார்ச்

அன்புள்ள டெஸ்ஸா,

கிளைவின் அம்மா மடெய்ராத் தீவில் இருக்கிறார். இன்று காலை எனக்கு அஞ்சலட்டை வந்தது. வெயில் நன்றாக இருக்கிறதாம், மாத முடிவு வரை அங்கேதானாம்.

பல்வைத்தியரைக் கர்னல் ஏற்கெனவே நாற்பது தடவை பார்த்துவிட்டார். நான் வியாழன் பகல் ரயிலில் வருகிறேன். தங்க மாட்டேன். உள்ளே வரக்கூட வேண்டாம் என்றால் படத்தை வாசலில் வைத்தே கொடுத்துவிடு, போய்விடுகிறேன்.

ஆம்ப்ரோஸ்


வொர்திங்,
9 மார்ச்

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதைப் பார்த்துப் பயந்துபோனேன். இனி மறைத்துப் பயனில்லை. உங்கள் மேயரை நான் கெடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் பட்டப்பகலிலும் திரை போட்டு, பாதாள அறையில் போல மங்கல் விளக்கைப் பிடித்துத்தான் படம் காட்டுவீர்கள். "வெளிச்சம் எமன்டி, ஞாபகம் வச்சுக்கோ" என்று கல்யாணத்தன்றுகூடச் சொன்னீர்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். மேயருக்குக் கடல் பிடிக்கும் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஜனவரியில் பக்கத்து வீட்டு மிஸஸ் ஸ்டப்ஸ் டீக்கு வந்தார். படத்தைப் பார்த்தார்.

"ஆகா, என்ன அழகான விடியக்காலை!"

"விடியக்காலையா? உச்சி வெயில் நேரம் அது. மாமா நூறு தடவை சொல்லியிருக்காரே."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணு. வானம் செக்கச்செவேல்னு கிடக்குது, நீயே பாரு."

பார்த்தேன். ரோஜா நிறம், மாமா. நீங்கள் சொன்ன நீலத்தில் ஒரு சொட்டு இல்லை. அன்று ராத்திரி சட்டத்தைப் பின்பக்கம் கழற்றிப் பார்த்தேன். சுற்றிலும் ஒட்டிய அட்டைக்கு அடியில், வெயில் படாத இடத்தில், விரல் அகலத்துக்கு நீலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மீதி நம்பிக்கையும் போயிற்று. முழு வானமும் அப்படித்தானே இருந்திருக்கும்? நான்தானே அதை வெயிலுக்குத் தின்னக் கொடுத்தேன்?

படத்தைத் துணி அலமாரியில் ஒளித்துவைத்தேன். நீங்கள் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். அதனால்தான் சாக்கடை, அம்மை எல்லாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை வரவில்லை.

முந்தாநாள் கிளைவ் வண்ணப்பெட்டியோடு வந்தார். "கொஞ்சம் நீலத்தைத் தடவிட்டா யாருக்குத் தெரியப் போவுது? மாமாவோட மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது ஒளிச்சு வச்சுடலாம்" என்றார். நீலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையைத் தோய்த்தும் விட்டார். நான் கத்திய கத்தலில் கைதவறிக் கோப்பையைக் கம்பளத்தில் கொட்டிவிட்டார். கம்பளம் இப்போது நீலம். படம் தப்பியது.

கழகத்தில் என்ன சொல்வீர்களோ தெரியவில்லை. திட்டுங்கள், ஆனால் சுருக்கமாக.

டெஸ்ஸா


பாத்,
12 மார்ச்

அடி அசட்டுப் பெண்ணே,

உன் கடிதம் வந்தபோது இங்கே நடந்ததை ஊர் நூறு வருஷம் பேசும். "கெடுத்துவிட்டேன்" என்ற சொல்லைப் படித்ததும் நான் மல்லாந்து விழுந்தேன். பாத் நகரமே அதிர்ந்து, வெந்நீர் ஊற்று அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டது. தபால்காரப் பெண் பயந்து தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். மூன்று வண்டி, ஒரு ஏணி, ஒரு பாதிரியார். கிளைவ் தூரிகையைத் தோய்த்த இடம் வந்ததும் நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் கீறல் விட்டது. அவனிடம் சொல்: அந்தப் பெட்டியைத் தொட்ட கையை நான் வரும்வரை சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கட்டும்.

இப்போது உண்மையைக் கேள். உட்கார்ந்துகொண்டு கேள்.

அந்த வானத்தை நான் ஒருநாளும் நீலமாகப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து ஓவியர்கள் அவுரிச் செடியின் நீலத்தில் கொஞ்சம் சிவப்பைக் குழைத்துத்தான் வானமும் மேகமும் போடுவார்கள். வெயில் முதலில் அவுரியைத் தின்னும்; சிவப்பு மிஞ்சும். எங்கள் ஏழு பேரிடமும் ரோஜா வானத்தோடு ஒரு படமாவது உண்டு. வாங்கிய அன்று நான் குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மே 1951. மேயர் குளியல். கோடுகள் தெளிவு. வானம் முழுதும் வெளிறி ரோஜா நிறம். அட்டைக்கு அடியில் மட்டும் விரல் அகலத்துக்கு நீலம்." நீ அப்போது பிறக்கவே இல்லை. எந்தக் காலத்துச் சீமாட்டியோ தெற்கு ஜன்னலோரம் எண்பது வருஷம் மாட்டிவைத்துச் செய்த வேலைக்கு நீ தண்டனை அனுபவித்திருக்கிறாய்.

அந்த விரல் அகல நீலத்தை வானம் முழுக்கப் பூசியது நான்தான், வாயால். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! சொல்லிச் சொல்லி, கண்ணை மூடினால் எனக்கே நீலமாகத்தான் தெரியும். ஆனால் உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடு, கண்ணே. கர்னல் ரோஜா வானத்தைப் பார்த்துக் கேட்டால், நான் புளுகன் என்பது இருபது வருஷமாக அவருக்குத் தெரியும் என்று நினைவூட்டுவேன். மேயரை அலமாரியிலிருந்து எடுத்துவிடு. மாட்டு, ஆனால் நிழல் விழும் சுவரில்.

தீயணைப்பு வண்டி வரவில்லை. ஏணியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் நலம். தபால்காரப் பெண் கடிதத்தைப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டாள்.

முதலில் எழுதிய அந்தக் கலவரத்தில் உண்மை ஒன்றே ஒன்று. நான் விழுந்தது மெய்தான்; மல்லாந்து இல்லை, மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவும் "கெடுத்துவிட்டேன்" என்ற இடத்தில் இல்லை, "அதனால்தான் சாக்கடை, அம்மை எல்லாம்" என்ற இடத்தில்.  என் கதைகள் உனக்குச் சலித்துப்போய்விட்டன, அதனால்தான் வர வேண்டாம் என்கிறாய் என்றே பதினான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் வருகிறேன். இரண்டு நாள் தங்குவேன்.

உன் மாமன்,
ஆம்ப்ரோஸ்