நீங்கள் எழுதிக் கொடுத்த புகார்

என்னங்க,

'தனி மனுஷன் வாழ்க்கையில அரசாங்கத்துக்கு என்ன வேலை?' என்று இருபது வருஷமாக மேடையில் முழங்குகிறீர்கள். யாரோடு வாழ்வது என்பது அவரவர் விருப்பம் என்று புத்தகமே போட்டீர்கள். நம் மகள் தன் தோழியோடு வாழப்போகிறேன் என்று கிளம்பிப் போனதும், நேரே காவல் நிலையத்துக்குப் போய், மகளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்!

நீங்கள் இன்றைய கூட்டத்துக்குக் கிளம்பிய பிறகு ஒரு பெண் காவலர் விசாரிக்க வந்தார். எனக்கு மானமே போய்விட்டது.

"அவ இஷ்டப்பட்டுத்தான் போனா. பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான்" என்றேன்.

"அப்புறம் எதுக்கும்மா எங்களை அலைய விடுறீங்க?" என்று சலித்துக்கொண்டார். சொன்னதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நானும் நம் மகள் வீட்டுக்கே போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. என்னைத் தேடி யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே வந்து கதவைத் தட்டுங்கள்.

பொறுமை தீர்ந்துபோன
உங்கள் மனைவி