கோணல் சடை

என்னங்க, இடுப்பு வலி இப்போ தேவலையா? நீங்க பின்னுற கோணல் சடையோடதான் நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் போறாளா? நான் நல்லா இருக்கேன்.

சிறார் காவல் இல்லத்துல வேலை கொஞ்சம் பழகிடுச்சு. நேத்து ஒரு சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க, நம்மவ உயரம்தான். உள்ளே விடுறதுக்கு முன்னாடி நான் சோதனை போடணும். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவளே சுவர் பக்கம் திரும்பி, கையை விரிச்சு நின்னா. தடவிப் பார்த்து முடிச்சேன். "அக்கா, வேலைக்குப் புதுசா? முடிக்குள்ள பார்க்கலையே, உங்களைத் திட்டுவாங்க"ன்னு சொல்லி, அவளே சடையை அவிழ்த்துக் காட்டினா.

மத்தபடி ஒண்ணுமில்லை, கவலைப்படாதீங்க. தடிமனான சாக்ஸ் அனுப்புங்க, தரை சில்லுனு இருக்கு.

மணி அடிச்சுட்டாங்க, ஓடணும். நம்மவளுக்குச் சடை பின்னும்போது, திரும்பி நில்லுன்னு மட்டும் சொல்லாதீங்க. இடுப்பு வலிச்சாலும் நீங்களே சுத்திப் போங்க.