அஸ்தூரியாஸுக்குப் போன லீவு

ஏப்ரல் 6, குதைபியா, மனாமா

டியூட்டி முடிந்து வந்து படுத்த நேரத்தில் புஜைராவிலிருந்து பெனிட்டோ போன். "ஷிஜி, இந்த லீவுக்கு ஊருக்குப் போவேண்டாம். ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ்னு ஒரு மலைநாடு, அங்க போவோமா?" எண்ணெய் டாங்கியில் வெல்டிங் செய்து செய்து மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அவர் அங்கே அமீரகத்தில், நான் இங்கே பஹ்ரைனில் நர்ஸ். சேர்ந்து இருப்பது லீவில் மட்டும்; அதுவும் குளச்சலில், வீடு நிறைய சொந்தக்காரர்களோடு. மனாமாவுக்கே வந்துவிடுங்கள் என்றால், "அடுத்த வருசம் பாப்போம்." லீவுக்கு ஊருக்கு வராவிட்டால் மாமி சும்மா விடமாட்டார். விடாவிட்டால் போகட்டும். ஏன் இப்படித் தள்ளிப்போடுகிறார் என்று அந்த மலையில் வைத்துக் கேட்டுவிடப் போகிறேன். அங்கே நடுவில் புகுந்து பேச யாரும் இல்லை.

ஜூன் 10, அஸ்தூரியாஸ்

அம்மாடி, என்ன பச்சை! மலையடிவாரத்தில் சின்னக் கிராமம், சிவப்பு ஓட்டு வீடுகள். கல்தூண்களின் மேல் மரத் தானியக் கொட்டகை. எலி ஏறாதபடி ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு தட்டைக் கல். வேலியோரமெல்லாம் ஊதாப் பூ. ஈரப் புல் வாசனையை இழுத்து இழுத்தே எனக்குத் தலை சுற்றியது.

ஜூன் 11

மானம் போயிற்று. விடியும் முன்பே எழுந்து நடந்துவிட்டு, வெயில் வந்ததும் ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டோம். வளைகுடாப் புத்தி! மத்தியானம் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, காய்ச்சலா என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். எட்டிப் பார்த்தால் வெளியே இதமான வெயில். பக்கத்து வீட்டுக் கிழவர் தொப்பிகூட இல்லாமல் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார். "ஜூன் மாசம் மத்தியானத்துல வெளிய நிக்கலாமா பிள்ளே!" என்று பெனிட்டோ கையை நீட்டி வெயிலைத் தொட்டுப் பார்த்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூன் 12

கோவதோங்கா ஏரிகள். போனபோது ஒரே மூடுபனி. எதிரே நிற்கும் மாடுகூடத் தெரியவில்லை, கழுத்து மணிதான் கேட்டது. பிறகு மெல்ல விலகியது. முதலில் தண்ணீர், அப்புறம் புல், அப்புறம் — ஜூனிலும் பனி ஒட்டிக்கிடக்கும் சுண்ணாம்புப் பாறைச் சிகரம். பெனிட்டோ போட்டோ எடுக்கவே மறந்துவிட்டார். கோவிலில் தாலி கட்டிய கையோடு செல்ஃபி எடுத்த ஆள்!

கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவ்வளவு அழகின் முன்னால் சண்டையை இழுக்க மனம் வரவில்லை.

ஜூன் 13

மழை. ஒதுங்கவேயில்லை, ஆசை தீர நனைந்தோம்.

ஜூன் 14

காரேஸ் பள்ளத்தாக்கு. பாறையைக் குடைந்து போட்ட குறுகிய பாதை. ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கிடுகிடு பாதாளத்தில் பச்சையாக ஓர் ஆறு. கழுகுகள் எங்களுக்குக் கீழே பறந்தன. கீழே! இனியும் எதற்குத் தள்ளிப்போடுவது? கேட்டேவிட்டேன்.

அடுத்த வளைவு தாண்டியதும் சொன்னார்: "பயமாட்டு இருக்கு ஷிஜி. லீவுல பாக்கும்போ நீ என்னைக் கொண்டாடுத. தினமும் பாத்தா சலிச்சிரும்லா?"

இதற்கா ஆறு வருஷம்? அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "வந்த நாள்லேர்ந்து உங்க கொறட்டச் சத்தத்துலதான கெடக்கேன்? சலிச்சுன்னு சொன்னேனா? என்ன மனுசன் நீங்க!"

பாதை குறுகிய இடத்தில் என் கையைப் பிடித்தவர், அகன்ற பிறகும் விடவில்லை.

செப்டம்பர் 20, குதைபியா

ஏசியால் சண்டை. எனக்கு இருபது டிகிரி வேண்டும், பெனிட்டோவுக்கு இருபத்தாறு. "நான் என்ன, கோட்டு போட்டுட்டா ஒறங்கணும்?" என்று கத்தினார். நானும் விடவில்லை. வழக்கம்போல் போனை வைத்துவிடலாம் என்று பார்த்தால், மனுஷன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.