வரிசையில் நின்ற நீள நாய்

வெள்ளவத்தை
04.08.2025

அன்புள்ள பேர்னாட்டுக்கு,

சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? நான் எடுத்தால் நீங்கள் போன் தூக்குவதில்லை, வாட்ஸ்அப்பும் பார்ப்பதில்லை. அதனால் ஆட்டோ பீற்றரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கோபத்துக்கும் ஒரு அளவில்லை.

டெனிஷாவைப் படுக்கவைப்பது பெரும்பாடாக இருக்கிறது. நாங்கள் பிரிந்தபிறகு நீங்கள் அவளுக்கு வாசித்த அந்தப் பழைய நாய்ப் படப்புத்தகத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தமிழில் சொல்வேன். நேற்றுப் பறித்து எறிந்துவிட்டாள். "அம்மா பிழையா வாசிக்கிறீங்க! நீள நாய் காஸ் லைன்ல நிண்டுதானே நீண்டது?" என்று ஒரே அழுகை. நானும் தேடிப் பார்த்தேன். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதாக ஒன்றும் இல்லை, அது வேட்டைக்குப் பழக்கிய நாய் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. இவ்வளவு காலமும் நீங்கள் அதில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மாதக் கடைசியில் நானும் பிள்ளையும் மெல்பேர்ன் போகிறோம். உங்கள் கதையை எழுதித் தாருங்கள். அங்கே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
06.08.2025

அன்பின் சாம்பவி,

அம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி. அவரை விட்டுவிட்டு மெல்பேர்னுக்கு வரச் சொன்னவரும் நீர்தான்.

எழுதித் தரமாட்டேன். ஒஸ்ரேலியாவுக்குப் போன பறங்கிக் குடும்பமொன்று எங்கள் ஒழுங்கையில் போட்டுவிட்டுப் போன புத்தகம் அது. சின்ன வயதில் எனக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்துக் கதையை நானே கட்டினேன். மகளுக்குச் சொல்லும்போது அது இன்னும் வளர்ந்தது. இன்று அவளிடம் எனக்கிருக்கும் ஒரே வேலை அதுதான். அதையும் எழுதித் தந்துவிட்டால் நான் எதற்கு?

நானே வந்து சொல்கிறேன். ஒரே ஒரு தடவை. வீட்டுக்கு வரவேண்டாமென்று சொன்னீர், ஏயர்போட்டுக்காவது வரவிடும்.

பேர்னாட்


வெள்ளவத்தை
11.08.2025

பேர்னாட்,

உங்களைத் தண்டிக்க நினைத்து வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஈஸ்டருக்கு வந்து திரும்பும்போது கேற்றடியில் உங்கள் காலைக் கட்டிப்பிடித்தாளே, ஞாபகமிருக்கிறதா? அவளைப் பிய்த்தெடுத்தவள் நான். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஏயர்போட்டில் அதை இன்னொரு தடவை செய்ய என்னால் முடியாது.

நேற்று அவள் தன் பொம்மைக்குக் கதை சொன்னாள். புள்ளி நாய் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையில் படுத்திருந்தது. எங்கள் மாடிவீட்டு லிப்ட் பழுதென்று புல்டோக் நாய் மாமா மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தார். நீள நாயின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"காஸ் லைன்ல அது ஆருக்கம்மா இடம் விட்டது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் மறந்துபோச்சு" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்கமாட்டேன்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
15.08.2025

அன்பின் சாம்பவி,

முழுவதையும் எழுதிப் பீற்றரிடம் கொடுத்திருக்கிறேன். புத்தகம் முன்னால் இல்லாமலே பக்கம் பக்கமாக வந்தது. நீள நாய் இடம் விட்டது வயிற்றுப்பிள்ளைக்காரிப் பூனைக்கு. அதைச் சொல்லும்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டவேண்டும். நீர் வெட்கப்படுவீர். பரவாயில்லை, அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?

எழுத எழுத அழுதேன். ஒவ்வொரு வரிக்கும் "பிறகு?" என்று கேட்பாள். கேட்க ஆளில்லாமல் கதை என்னவோபோலிருக்கிறது. எழுதினதில் குறை தெரிந்தால் நீரே ஏதாவது சேர்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அது உம்முடைய கதையாகிவிடும். எனக்கு அதில் பொறாமைதான், மறைக்க மாட்டேன். ஆனாலும் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஏயர்போட்டுக்கு வரமாட்டேன். பயப்படாமல் போய்வாருங்கள். குளிருக்கு அவள் காதை மூடிவிடும், காதுக்குத்து வலி வந்தால் தாங்கமாட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது அப்பா எழுதித் தந்தது என்று அவளிடம் சொல்லவேண்டாம். புத்தகத்தைத் திறந்துவைத்து, அதில் இருப்பதுபோலவே இதை வாசியும். சொன்னால் என்னைத் தேடுவாள்.

பேர்னாட்