அண்ணன் கடையில் ஒட்டிய என் க்யூஆர்

ஜூன் 11

தோசை ஊற்றும்போது மெசேஜ். வருமான வரி ஆபீசிலிருந்து. என் பேங்க் கணக்கில் பெரிய வரவு இருக்கிறதாம், ரிட்டனில் காட்டச் சொல்கிறார்கள். தோசை கருகிவிட்டது. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஏது பெரிய வரவு? போன தீபாவளி சீசனில் அண்ணன் தன் பட்டாசுக் கடையில் என் க்யூஆரைத்தான் ஒட்டியிருந்தான். விழுந்ததையெல்லாம் எடுத்து எடுத்து அவனிடமே கொடுத்தேன். தங்கச்சி தானே, எதற்கு என்று கேட்பாளா?

ஜூன் 12

மெஷினில் உட்கார முடியவில்லை. ஜெயிலில் போடுவார்களோ?

ஜூன் 14

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு ஆடிட்டரைப் பாரு. சிவகாசியில வேண்டாம், டீக்கடை வரைக்கும் நாறிரும். விருதுநகர் போ" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 17

அண்ணனிடம் போனேன். "ஆடிட்டரா? ஏ புள்ள, கிறுக்கு பிடிச்சிருக்கா? நம்ம கணக்குப்பிள்ளை போன்லயே வருமானம் இல்லைன்னு போட்டு விட்டுருவாரு." வாசல் வரை வந்து, "ஆவணியில ஓவியாவுக்குக் காதுகுத்துல்ல? யோசிச்சுக்கோ" என்றான்.

என்ன யோசிக்க? இருக்கன்குடி கோயிலில் என் மகளை மடியில் வைக்க இருக்கிற ஒரே தாய்மாமன் அவன்தான். அதைச் சொல்லியா மிரட்டுகிறான்! படுபாவி, நீயெல்லாம் கூடப் பிறந்தவனா?

ஜூன் 20

பயம். வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 23

கணக்குப்பிள்ளை என் வரிக் கணக்கு பாஸ்வேர்டு கேட்டு போன் செய்தார். பொய் அவர்களுடையது, பெயர் என்னுடையது. "நாளைக்குத் தாரேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 26

ஆடிட்டரிடம் போகத்தான் போகிறேன். மாமன் மடி இல்லாவிட்டால் என் மடியில் வைத்துக் குத்திக்கொள்கிறேன். ஊர் பேசட்டும். ஐயோ, பேசுமே!

ஜூன் 27

விருதுநகர். ஆடிட்டர் ஆபீஸ் மாடியில். பெஞ்சில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு — கற்பகவல்லி மதினி! அண்ணன் பெண்டாட்டி. என்னை மறிக்க அவன்தான் அனுப்பினானோ? திரும்பி ஓடப் பார்த்தேன்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அண்ணன்ட்ட சொல்லிராத தாயி."

போனைக் காட்டினாள். அதே மெசேஜ்.

"ஒங்களுக்குமா மதினி?"

"எனக்கும், எங்க அம்மாவுக்கும்."

உள்ளே ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். பணம் யாருடையது என்று ஆடிட்டர் கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாத மதினிதான், "ராஜபாண்டியன்" என்றாள்.