எட்டு வயதில் சடங்கு

தங்கச்சிக்கு,

எட்டு வயது மகள் அனுசுயாவுக்குச் சடங்கு சுற்றினாய். நான் வரமாட்டேன் என்றதும் சித்தப்பா மகனைத் தாய்மாமனாக நிறுத்தினாய். இரண்டும் தவறு. முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"சீர் செய்ய மனசில்லாம சுரப்பி கிரப்பின்னு கதை சொல்றீகளாண்ணே? பெரிய டாக்டராக்கும்!" என்று போனில் கேட்டாய். பள்ளியில் எட்டாவது வரைதான் படித்தேன். மீதியைப் புத்தகம் வாங்கிப் படித்தேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. பெண்பிள்ளை வயதுக்கு வரும் நேரத்தை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. அனுசுயாவுக்கு அவை நான்கு வருடம் முந்திவிட்டன. இப்படியே விட்டால் எலும்பு சீக்கிரம் முற்றி வளர்த்தி நின்றுபோகும். ஊசி போட்டுத் தள்ளிவைக்கலாம்.

வீடியோவைப் பார்த்தேன். மாலை கனத்துக் குனிந்திருக்கிறாள். "அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவா?" என்கிறாள். நீ மாலையைச் சரிசெய்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் ஹார்மோன் டாக்டரிடம் காட்ட வேண்டும். தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது. ஓடைப்பட்டிக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் அவள் படம் போட்டுக் கட்டிய பேனரை மாப்பிள்ளை அவிழ்க்க வேண்டும். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஊசியெல்லாம் முடிந்து, உரிய வயதில் அவள் மறுபடி சடங்குக்கு உட்காரும்போது, தாய்மாமன் கட்டும் குடிசைக்குப் பச்சை ஓலை வெட்டி வர வேண்டியவன் நான். வேறு யாரும் வெட்டக் கூடாது.

அண்ணன்